குறுநாடகம் பிறக்கும் பட்டறை

நூறு மீட்டர் ஓட்டப் பந்தயத்தில் முதலில் வந்தவர் யார் என்பதில் ஐயம் எழுவதில்லை. நிறுத்துக் கடிகாரம் அதைச் சொல்லிவிடும். நீளம் தாண்டும் போட்டியில் அளவு நாடா சொல்லிவிடும். எடை தூக்கும் போட்டியில் கிலோகிராம் கணக்குச் சொல்லிவிடும். ஆனால் நாடகம் எழுதும் போட்டி ஒன்று நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது பேர் எழுதித் தந்திருக்கிறார்கள். எதைக் கொண்டு அளப்பது? கைதட்டலைக் கொண்டா? நடுவரின் மதிப்பெண்ணைக் கொண்டா?

இயற்பியல் கற்பிக்கும் ஒருவனுக்கு நாடகப் போட்டியில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அளத்தல் எங்கே வருகிறதோ அங்கே எங்களுக்கும் கொஞ்சம் வேலை உண்டு. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் இருக்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பள்ளி ஆண்டு விழாவானாலும், தொழிற்சாலை ஆயுத பூசையானாலும், ஊர்த் திருவிழாவானாலும் நாடகம் என்றால் கூட்டம் கூடும். பாடநூலைத் திறக்காதவர்களும் நாடகத்தைப் பார்ப்பார்கள். அதில் கேட்டதை வீட்டில் செய்தும் பார்ப்பார்கள். ஆகவே நாடகம் சொல்லும் செய்தி சரியாக இருக்க வேண்டும். குடிநீரைப் பற்றிய ஒரு நாடகம் தவறான வழியைச் சொல்லிப் பரிசும் பெற்றுவிட்டால் என்ன ஆகும்? அந்த எடுத்துக்காட்டைப் பின்னர் பார்ப்போம். முதலில் நாடகப் போட்டி என்பதும் நாடகப் பட்டறை என்பதும் எப்படித் தோன்றின என்று காண்போம்.

ஏதென்ஸ் நகரில் நடந்த போட்டி

நாடகப் போட்டியின் வரலாறு பண்டைக் கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரில் தொடங்குகிறது. டயோனிசஸ் என்னும் தெய்வத்துக்கு ஆண்டுதோறும் இளவேனில் தொடக்கத்தில் அங்கே விழா எடுத்தார்கள். கி.மு. 534 வாக்கில் அவ்விழாவில் தெஸ்பிஸ் என்பவர் முதற் பரிசு பெற்றார் என்பது மரபுச் செய்தி. பிற்காலத்தில் போட்டி முறை உறுதிப்பட்டது. மூன்று கவிஞர்கள் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். ஒவ்வொருவரும் மூன்று துன்பியல் நாடகங்களையும் ஒரு கேலி நாடகத்தையும் அரங்கேற்ற வேண்டும். பாடகர் குழுவுக்கு ஆகும் செலவை ஊரின் செல்வர் ஒருவர் ஏற்றுக்கொள்வார்.

நடுவரைத் தேர்ந்தெடுத்த முறைதான் வியப்புக்குரியது. ஏதென்ஸ் மக்கள் பத்துப் பிரிவுகளாகப் பகுக்கப்பட்டிருந்தார்கள். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் பலருடைய பெயர்களைத் தனித்தனிக் குடத்தில் இட்டு முத்திரை வைத்துவிடுவார்கள். போட்டி நாளன்று குடத்துக்கு ஒரு பெயராகப் பத்துப் பெயர்களை எடுப்பார்கள். அவர்களே நடுவர்கள். நம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் சொல்லும் குடவோலை முறையை இது உங்களுக்கு நினைவூட்டும். யார் நடுவராக வருவார் என்பது முன்கூட்டியே தெரியாததால் யாருக்கும் கையூட்டுக் கொடுக்க முடியாது.

நாடகங்கள் முடிந்ததும் நடுவர் பதின்மரும் தத்தம் தீர்ப்பை எழுதி ஒரு குடத்தில் இடுவார்கள். பத்தையும் எண்ணிவிட மாட்டார்கள். அவற்றில் ஐந்தை மட்டும் எடுத்து முடிவு சொன்னார்கள் என்பதே பொதுவாக ஏற்கப்படும் செய்தி. இதனால் என்ன விளையும்? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

எளிமைக்காக இரண்டு நாடகங்களே போட்டியிடுவதாகக் கொள்வோம். பத்து நடுவர்களில் ஆறு பேர் முதல் நாடகத்தையும் நான்கு பேர் இரண்டாம் நாடகத்தையும் விரும்புகிறார்கள். பத்துச் சீட்டுகளிலிருந்து ஐந்தை எடுக்க 252 வழிகள் உண்டு. அவற்றில் 186 வழிகளில் முதல் நாடகம் வெல்லும். மீதி 66 வழிகளில் இரண்டாம் நாடகம் வென்றுவிடும். அதாவது நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான வாய்ப்பு, சிறுபான்மையினர் விரும்பிய நாடகத்துக்கு இருக்கிறது. நடுவர்கள் ஏழுக்கு மூன்று என்று பிரிந்தால் இந்த வாய்ப்பு பன்னிரண்டில் ஒன்றாகக் குறையும். எட்டுக்கு இரண்டு என்றால் அறவே இல்லை. எடுக்கும் ஐந்தில் மூன்று சீட்டாவது வேண்டுமே, இருப்பதோ இரண்டுதான்!

ஆய்வுக்கூடத்தில் நாம் காணும் நிலையும் இதுவேதான். இரண்டு கம்பிகளின் விட்டம் பெரிதும் வேறுபட்டால் சாதாரண அளவுகோலே போதும். வேறுபாடு மிகச் சிறிதானால் அளவீட்டுப் பிழைக்குள் அது மறைந்துவிடும். ஏறத்தாழச் சமமான இரு நாடகங்களில் ஒன்றுக்கு முதற் பரிசும் மற்றொன்றுக்கு இரண்டாம் பரிசும் தரும்போது, அந்த வரிசை நாடகத்தின் தரத்தைக் காட்டுகிறதா, தேர்வு முறையின் பிழையைக் காட்டுகிறதா என்று சொல்வது கடினம்.

இதற்குப் புகழ்பெற்ற சான்று உண்டு. உலக நாடக இலக்கியத்தின் சிகரம் என்று போற்றப்படும் 'ஈடிப்பஸ் மன்னன்' நாடகத்தை சோபாக்ளீஸ் போட்டிக்கு அளித்த ஆண்டில் முதற் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. பிலோக்ளீஸ் என்பவர் அதைப் பெற்றார். இன்று பிலோக்ளீசின் நாடகம் ஒன்றுகூட முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. ஈடிப்பஸ் நாடகமோ இருபத்து நான்கு நூற்றாண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து வருகிறது.

அப்படியானால் போட்டியே வேண்டாமா? அப்படிச் சொல்ல முடியாது. போட்டி இருந்ததால்தான் அத்தனை நாடகங்கள் எழுதப்பட்டன. சோபாக்ளீஸ் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதினார்; அவற்றில் ஏழுதான் முழுமையாக எஞ்சியுள்ளன. போட்டி எழுதத் தூண்டுகிறது. ஆனால் எழுதியதைத் திருத்த அது உதவுவதில்லை. பரிசு பெறாதவருக்கு ஏன் பெறவில்லை என்று யாரும் சொல்வதில்லை. பரிசு பெற்றவருக்கும் தம் நாடகத்தின் குறை தெரிவதில்லை.

நம்மவரின் அரங்கேற்றம்

திருத்தத்துக்கு நம் மரபில் ஒரு வழி இருந்தது. ஒரு நூலை இயற்றியவர் அதை அறிஞர் அவையில் அரங்கேற்ற வேண்டும். தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று அதன் பாயிரம் கூறுகிறது. அரங்கேற்றம் என்பது வெறும் வெளியீட்டு விழா அன்று. அவையோர் தடை எழுப்புவார்கள். ஆசிரியர் விடை கூற வேண்டும். விடை கூற இயலாத இடத்தைத் திருத்த வேண்டும். ஆயினும் அந்த அவையில் கற்றோர் மட்டுமே இருந்தார்கள். கேட்போராகிய பொதுமக்களின் கருத்து அங்கே இடம்பெறவில்லை.

எண் 47

பொதுப் பார்வையாளரின் கருத்தையும் சேர்த்துக்கொண்டு நாடகத்தைத் திருத்தும் முறை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவாயிற்று. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பியர்ஸ் பேக்கர் என்ற பேராசிரியர் நாடகம் எழுதும் கலையைப் பாடமாக நடத்தினார். அந்தப் பாடத்தின் வரிசை எண் 47. நாடகத்தைக் காகிதத்தில் மட்டும் வைத்துக்கொண்டு மதிப்பிட முடியாது என்பதை உணர்ந்த பேக்கர், மாணவர் எழுதியவற்றை நடித்துப் பார்ப்பதற்காக 1912ஆம் ஆண்டு வாக்கில் ஓர் அமைப்பை ஏற்படுத்தினார். அதற்கு '47 பட்டறை' என்றே பெயர் வைத்தார்.

பட்டறை என்ற சொல்லைக் கவனியுங்கள். கொல்லன் இரும்பைக் காய்ச்சி, அடித்து, திருப்பி, மீண்டும் காய்ச்சும் இடம் அல்லவா அது? பேக்கரின் பட்டறையிலும் அதுவே நடந்தது. பார்க்க வருபவர்கள் அழைக்கப்பட்டவர்கள். அவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் ஒரு கடமை இருந்தது. நாடகத்தைப் பற்றிய தம் கருத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். அக்குறிப்புகளைக் கொண்டு நாடகம் எழுதியவர் திருத்தி எழுத வேண்டும். 1914-15ஆம் கல்வியாண்டில் அங்கே பயின்ற யூஜின் ஓநீல், 1936இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றார்.

பேக்கரிடம் பயின்ற பிரெடெரிக் காக் 1918இல் வட கரோலினா பல்கலைக்கழகத்துக்குச் சென்று இம்முறையை இன்னும் ஒரு படி முன்னே கொண்டு சென்றார். மாணவர்கள் தாம் பிறந்த ஊரின் வாழ்வையே குறுநாடகமாக எழுத வேண்டும் என்றார். உழவர், மீனவர், தொழிலாளர் ஆகியோரின் பேச்சு மேடைக்கு வந்தது.

இதே காலத்தில் இங்கிலாந்தில் நடந்த ஒன்றை ஓசூர் வாசகர்கள் அறிந்துகொள்வது பொருத்தம். கென்ட் பகுதியில் கிரேஃபோர்டு என்ற ஊரில் விக்கர்ஸ் நிறுவனத்தின் பெரிய தொழிற்சாலை இருந்தது. முதல் உலகப் போரின் இறுதிக் காலத்தில் அங்கே சொற்பொழிவாற்றச் சென்ற ஜெஃப்ரி விட்வொர்த், தொழிலாளர்கள் ஒன்றுகூடி நாடகம் ஒன்றை வாய்விட்டுப் படித்ததைக் கண்டார். காட்சித் திரையோ உடையலங்காரமோ இல்லாமலே அது அவரைக் கவர்ந்தது. 1919இல் அவர் பிரிட்டிஷ் நாடகக் கழகத்தை நிறுவினார். சில ஆண்டுகளில் அக்கழகம் ஊர்தோறும் உள்ள தொழில்முறை சாராத குழுக்களுக்கு ஓரங்க நாடகப் போட்டிகளை நடத்தத் தொடங்கியது. ஆலைத் தொழிலாளரின் படிப்பு வட்டம் ஒன்று, ஒரு நாட்டின் நாடக இயக்கத்துக்கு வித்தாக அமைந்தது.

திருத்தி எழுதுதல் எவ்வளவு ஆழமாகச் செல்லக்கூடும் என்பதற்கு அறிவியல் தொடர்பான நாடகத்திலிருந்தே சான்று தரலாம். ஜெர்மானிய நாடக ஆசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் கலிலியோவின் வாழ்க்கையை 1938-39இல் நாடகமாக எழுதினார். அப்போது அதில் கலிலியோ, கொடியவர்களை ஏமாற்றி உண்மையைக் காப்பாற்றிய தந்திரசாலியாகத் தோன்றினார். 1945 ஆகஸ்டில் இரோஷிமா மீது அணுகுண்டு வீழ்ந்தது. அறிவியலார் தம் அறிவை யார் கையில் ஒப்படைக்கிறார்கள் என்ற கேள்வி உலகையே உலுக்கியது. 1947இல் அமெரிக்காவில் மேடையேறிய நாடகத்தில் கலிலியோ தம் பணிவைக் குற்றமென்று தாமே கண்டித்துக்கொள்கிறார். மாந்தரும் கதையும் பெரும்பாலும் பழையனவே. காலம் எழுப்பிய தடைக்கு ஆசிரியர் விடை எழுதினார்.

கேரளம் காட்டிய வழி

நம் நாட்டில் அறிவியலை நாடகமாக்கும் பட்டறைகளுக்கு வழிகாட்டியது கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் ஆகும். மலையாளத்தில் அறிவியல் எழுதுவோர் 1962இல் கோழிக்கோட்டில் கூடி இதைத் தொடங்கினார்கள். நூல்களும் இதழ்களும் படிக்கத் தெரிந்தவரை மட்டுமே சென்றடையும் என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டார்கள். 1980இல் 'கலா ஜாதா' என்ற பெயரில் கலைப் பயணம் புறப்பட்டது. பாட்டும் குறுநாடகமும் கொண்ட குழு ஊர் ஊராகச் சென்று, சந்தையிலும் பள்ளி மைதானத்திலும் ஆலை வாசலிலும் நிகழ்ச்சி நடத்தியது.

இவற்றுக்கான நாடகங்கள் பிறந்த முறைதான் நமக்கு முக்கியம். தனியொருவர் அறையில் அமர்ந்து எழுதி முடித்த நாடகங்கள் அல்ல அவை. எழுத்தாளர், அறிவியல் ஆசிரியர், பாடகர், நடிகர் எனப் பலரும் சில நாட்கள் ஒரே இடத்தில் தங்குவார்கள். ஒருவர் கருத்தைச் சொல்வார், ஒருவர் கதையாக்குவார், ஒருவர் நடித்துக் காட்டுவார், ஒருவர் 'இந்தச் செய்தி தவறு' என்று தடுப்பார். ஒவ்வொரு வாக்கியமும் இந்தச் சோதனைகளைக் கடந்து வரவேண்டும்.

1987ஆம் ஆண்டு அக்டோபர் 2 முதல் நவம்பர் 7 வரை 'பாரத ஜன விஞ்ஞான ஜாதா' நாடெங்கும் நடந்தது. காந்தியடிகளின் பிறந்த நாளில் தொடங்கி சர் சி. வி. இராமனின் பிறந்த நாளில் அது நிறைவுற்றது. நாட்டின் ஐந்து பகுதிகளிலிருந்து புறப்பட்ட ஐந்து குழுக்களும் போபாலில் வந்து கூடின. 1984 டிசம்பரில் நச்சு வாயு ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட நகரம் அது. தொழிற்சாலைக்கு அருகில் வாழும் மக்கள் அங்கே என்ன செய்கிறார்கள் என்பதை அறியும் உரிமை படைத்தவர்கள் என்பதை அந்த ஊரின் பெயரே சொல்லிவிடும். 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் இந்தப் பயணத்தில் பங்குகொண்டது. 1990களில் மாவட்டந்தோறும் நடந்த அறிவொளி இயக்கம், இதே கலைப் பயண முறையைக் கொண்டு எழுத்தறிவின் தேவையை ஊர் ஊராக எடுத்துச் சென்றது.

தமிழ் நாடக உலகிலும் அப்போது பட்டறைகள் பெருகின. 1977இல் காந்திகிராமத்தில் நாடகப் பயிற்சிப் பட்டறை நடந்தது. 1980இல் வங்காளத்தின் பாதல் சர்க்கார் சென்னையை அடுத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் பட்டறை நடத்தினார். அவர் பொறியியல் படித்து நகரமைப்புத் துறையில் பணியாற்றியவர் என்பது நம் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. மேடை, திரை, விளக்கு, ஒலிபெருக்கி ஆகிய எதுவும் இல்லாமல் உடலையும் குரலையும் மட்டுமே கொண்டு நாடகம் நடத்தலாம் என்று அவர் காட்டினார். பிரளயன் 1984இல் தொடங்கிய சென்னைக் கலைக்குழு வீதி நாடகங்களைத் தமிழகமெங்கும் கொண்டு சென்றது. எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் 1975இல் தோன்றிய 'சமுதாய' அமைப்பும் கலைப் பயணங்களை நடத்தியது.

ஆலை வாசலில் நாடகம் என்றால் சப்தர் ஹாஷ்மியை மறக்க முடியாது. டில்லியின் 'ஜன நாட்டிய மஞ்ச்' குழு 1978இல் 'இயந்திரம்' என்னும் பொருள்படும் 'மெஷீன்' நாடகத்தை நடத்தியது. சைக்கிள் நிறுத்த ஓர் இடமும் தேநீர் குடிக்க ஒரு சிற்றுண்டிச் சாலையும் கேட்ட தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட நிகழ்ச்சி, அதன் கரு. நடிகர்களே தம் உடல்களை இணைத்து ஓர் இயந்திரமாக ஓடுவார்கள். திடீரென்று இயந்திரம் நின்றுவிடும். முழு நாடகமும் 13 நிமிடமே. டில்லிக்குக் காசியாபாத் எப்படியோ அப்படித்தான் பெங்களூருக்கு ஓசூர். பெருநகரின் எல்லையில் வளர்ந்த தொழில் வட்டாரம். அந்தக் காசியாபாத் பகுதியில் 1989 ஜனவரி முதல் நாள் நாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது ஹாஷ்மி தாக்கப்பட்டு, மறுநாள் உயிர் நீத்தார். அவர் பிறந்த நாளான ஏப்ரல் 12 தேசிய வீதி நாடக நாளாகக் கொண்டாடப்படுகிறது. 13 நிமிட நாடகம் விளையாட்டுப் பொருள் அன்று என்பதை இது உணர்த்தும்.

தெருவில் ஒலி

வீதி நாடகம் ஏன் குறுகியதாக இருக்கிறது? வாக்கியங்கள் ஏன் சிறியனவாக இருக்கின்றன? ஒரே வரியைப் பலர் சேர்ந்து ஏன் சொல்கிறார்கள்? இதற்கு இயற்பியல் விடை தருகிறது.

திறந்த வெளியில் தொலைவு இரு மடங்கானால் ஒலிச் செறிவு நான்கில் ஒரு பங்காகும். டெசிபெல் கணக்கில் 6 குறையும். சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தொலைவில் சுமார் 60 டெசிபெல் இருக்கும். எட்டு மீட்டர் தொலைவில் அது 42 ஆகிவிடும். பேருந்து நிலையத்தின் இரைச்சலோ 70 டெசிபெலுக்குக் குறைவதில்லை. நடிகர் உரக்கப் பேசினாலும் தனிக் குரல் எடுபடாது. ஐவர் சேர்ந்து சொன்னால் செறிவு ஐந்து மடங்காகி 7 டெசிபெல் கூடும். ஆகவே முக்கியமான செய்தியைக் குழுவாகச் சொல்ல வேண்டும்.

பார்வையாளர் வட்டமாக நிற்பதிலும் பயன் இருக்கிறது. 3 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தைச் சுற்றி ஆளுக்கு அரை மீட்டர் இடம் விட்டால் முதல் வரிசையில் 37 பேர் நிற்கலாம். முக்கால் மீட்டர் இடைவெளியில் நான்கு வரிசை வைத்தால் ஏறத்தாழ 200 பேர் அடங்குவர். கடைசி வரிசையில் உள்ளவரும் மையத்திலிருந்து ஐந்தேகால் மீட்டர் தொலைவில்தான் இருப்பார். அதே 200 பேரை நடிகருக்கு எதிரே இருபது இருபதாகப் பத்து வரிசையில் நிறுத்தினால் கடைசி வரிசை ஏறத்தாழப் பத்து மீட்டருக்குப் போய்விடும். நம் தெருக்கூத்துக் கலைஞர்கள் மூன்று பக்கமும் மக்களை அமரவைத்து, பின்பாட்டுக்காரர்களைக் கொண்டு வரிகளைத் திருப்பிப் பாட வைத்தது இந்த அறிவினால்தான். கட்டியங்காரன் கதையின் முக்கியச் செய்தியை வேறு சொற்களில் மறுபடி சொல்வதும் கேட்கத் தவறியவருக்காகவே. இந்த உத்திகளையெல்லாம் கலைப் பயணக் குழுக்கள் கூத்திலிருந்து கற்றுக்கொண்டன.

நம் வட்டாரத்துக்கு ஒரு நாடகம்

இப்போது ஓசூருக்கு வருவோம். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பின் இவ்வூரின் முகமே மாறிவிட்டது. முன்பு சேலம் மாவட்டத்திலும், 1965 முதல் தருமபுரி மாவட்டத்திலும் இருந்த இப்பகுதி, 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதம் படித்து இரவில் கூத்தாடும் மரபும் இம்மாவட்டத்தில் உண்டு. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜாஜி, 1916இல் சேலத்தில் தமிழ் சாஸ்திரீய பரிபாஷைச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். அறிவியலைத் தமிழில் சொல்ல முடியுமா என்ற கேள்விக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே விடை தேடியவர்களுள் இவ்வட்டாரத்தவர் ஒருவரும் இருந்தார் என்பது நமக்குப் பெருமை. சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் பெங்களூரில் உள்ள விசுவேசுவரய்யா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம், தென் மாநிலப் பள்ளி மாணவர்களுக்கு அறிவியல் நாடக விழாவையும் நடத்தி வருகிறது.

தொடக்கத்தில் சொன்ன எடுத்துக்காட்டை இங்கே எடுத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்திருக்கிறது. பாறைகளில் உள்ள கனிமங்களிலிருந்து அது நீரில் கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் நெடுநாள் குடித்தால் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படியும். அளவு மிகவும் கூடினால் எலும்பும் மூட்டும் கெடும். இந்நோய் நம் நாட்டில் இருப்பது 1937இல் நெல்லூர்ப் பகுதியிலிருந்து முதன்முதலாக அறிவிக்கப்பட்டது. இதைத் தணிக்கவே காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆழ்துளைக் கிணற்று நீரையே குடிக்க நேரும் வீடுகளுக்கு இந்த அறிவு இன்றும் தேவை.

இதை வைத்து ஒரு மாணவர் நாடகம் எழுதுகிறார் என்று கொள்வோம். எட்டாம் வகுப்புச் சிறுமியின் பற்களில் கறை. வகுப்பில் எல்லாரும் சிரிக்கிறார்கள். 'பல் துலக்காத பெண்' என்று பெயர். அவள் கரி கொண்டு தேய்க்கிறாள், செங்கல் தூள் கொண்டு தேய்க்கிறாள், ஈறில் இரத்தம் வருகிறது, கறை போகவில்லை. இறுதியில் நல்லவர் ஒருவர் வந்து, 'குற்றம் பெண்ணிடம் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. இனிமேல் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்' என்கிறார். கைதட்டல் எழுகிறது. திரை விழுகிறது.

அருமையான நாடகம்தான். ஆனால் கடைசி வாக்கியம் தவறு. கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும்; புளோரைடு போகாது. அது ஆவியாவதில்லை. நீர் மட்டும் ஆவியாகும். 1.5 மில்லிகிராம் புளோரைடு உள்ள 10 லிட்டர் நீரைக் கொதிக்க வைத்து 9 லிட்டராக்கினால், லிட்டருக்கு 1.67 மில்லிகிராமாக அது கூடிவிடும். நாடகத்தை நம்பிய தாய் தன் குழந்தைக்கு முன்னைவிடக் கெட்ட நீரைக் கொடுப்பாள். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டே கொடுப்பாள்.

போட்டியில் வேதியியல் அறியாத நடுவர்கள் இருந்தால் இந்நாடகம் முதற் பரிசும் பெறலாம். நடிப்பு நன்று, உருக்கம் நன்று, நேரம் சரி. பத்து நடுவர்களுக்குப் பதில் நூறு நடுவர்களை வைத்தாலும் இந்தப் பிழை வெளிப்படாது. பட்டறையிலோ, முதல் ஒத்திகையிலேயே வேதியியல் தெரிந்த ஒருவர் தடுத்திருப்பார். அதோடு, 'கறை ஒருமுறை படிந்துவிட்டால் தேய்த்துப் போகாது. பல் உருவாகும் வயதிலேயே நல்ல நீர் தர வேண்டும். ஆகவே இந்தச் சிறுமியின் தம்பிதான் நாடகத்தில் காப்பாற்றப்பட வேண்டியவன்' என்றும் சொல்லியிருப்பார். கதை அங்கே மேலும் வலுப்பெறும். தெலுங்கு பேசும் பாட்டி ஒருத்தி, 'புளோரைடு' என்ற சொல் தன் வீட்டில் யாருக்கும் புரியாது என்று சொல்லியிருப்பாள். கல்லில் இருந்து தண்ணீரில் இறங்கும் ஒரு வகை உப்பு என்று கட்டியங்காரன் விளக்கும் காட்சி பிறந்திருக்கும். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துப் புளோரைடை அகற்றும் நல்கொண்டா முறையையும், அதற்குமுன் நீரைச் சோதிக்கக் கொடுக்க வேண்டியதையும் நாடகத்தில் எங்கே வைப்பது என்று எல்லாரும் சேர்ந்து யோசித்திருப்பார்கள்.

எதைக் கொண்டு அளப்பது?

முதலில் எழுப்பிய கேள்விக்கு இப்போது விடை காணலாம். கைதட்டலை அளப்பதைவிட எளிய, நம்பத்தக்க முறை ஒன்று உண்டு. ஒத்திகையைப் பார்த்த பத்துப் பேரைத் தனித்தனியே அழைத்து ஒரே கேள்வியைக் கேளுங்கள்: 'வீட்டுக்குப் போய் என்ன செய்வீர்கள்?' ஏழு பேர் 'தண்ணீரைக் கொதிக்க வைப்போம்' என்றால், எவ்வளவு கைதட்டல் வாங்கியிருந்தாலும் அந்த நாடகம் திருத்தப்பட வேண்டும். எட்டுப் பேர் 'தண்ணீரைச் சோதிக்கக் கொடுப்போம்' என்றால் அது வெற்றி. பேக்கர் தம் பார்வையாளரிடம் எழுதி வாங்கியதும் இதுபோன்ற சோதனைதான். படிக்கத் தெரியாதவரிடம் நாம் வாய்மொழியாகவே கேட்டுக்கொள்ளலாம்.

ஆகவே உங்கள் பள்ளியிலோ மன்றத்திலோ தொழிற்சங்கத்திலோ குறுநாடகப் போட்டி வைப்பதாக இருந்தால் அதை இரண்டு கட்டமாக வையுங்கள். முதலில் யார் வேண்டுமானாலும் எழுதட்டும். எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதட்டும். எழுதியவர் அனைவரையும் இரண்டு நாள் ஒன்றாக அமர்த்தி, ஒருவர் நாடகத்தை மற்றவர் நடித்துப் பார்க்கட்டும். பாடம் தெரிந்தவர் ஒருவரும் ஊர் தெரிந்தவர் ஒருவரும் அருகில் இருக்கட்டும். திருத்திய பின் போட்டி நடக்கட்டும். நடுவர்களை ஏதென்ஸ் மக்களைப் போலக் கடைசி நேரத்தில் குடவோலையில் எடுத்தாலும் நன்றே. ஆனால் சீட்டுகள் பத்தையும் எண்ணிவிடுங்கள்.

நாடகத்துக்குப் பொருள் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. உங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்றின் நீரைச் சோதித்த அறிக்கை ஊராட்சி அலுவலகத்தில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் அதில் உள்ள எண்ணிலிருந்து தொடங்குங்கள். இல்லை என்றால், ஏன் இல்லை என்பதே முதற் காட்சி.